ஃபோர்க்கம்மா போட்ட ஸ்பிரிங்

அவளுக்கு மூக்கு நுனியில் கோபம். பட்டறையின் பின்கதவைப் பார்த்தாலே தெரியும். பதினான்காம் நம்பர் ஸ்பானர் பட்ட பள்ளம் ஒன்று, பத்தொன்பதாம் நம்பர் பட்ட பள்ளம் இரண்டு, ரப்பர் சுத்தியல் பட்டு எண்ணெய்க் கறை பிடித்த இடம் ஒன்று. மனிதர்கள் மேல் இதுவரை எதையும் எறிந்ததில்லை. அந்த மட்டுக்கும் நல்லவள் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாயால் எறிந்தது கொஞ்சநஞ்சமல்ல.

ஃபோர்க்கம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பிரேக் பிடித்தால் அமுங்கி, விட்டால் எழுகிறதே இரண்டு குழாய், அதுதான் ஃபோர்க். உள்ளே ஒரு நீள ஸ்பிரிங், கொஞ்சம் எண்ணெய், எண்ணெய் போக வர நாலு ஓட்டை. 'அவ்வளவுதானே' என்று மட்டும் அவள் முன்னால் சொல்லிவிடாதீர்கள். முழுசாக வெளியே வர முடியாது.

கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அலுவலகக் கதவுகளின் தலைமாட்டில் ஒரு பெட்டி இருக்கும். கதவு படாரென்று அடிக்காமல் மெதுவாக வந்து மூட வைக்கும். அந்தப் பெட்டி செய்கிற இடம். அதற்குள்ளும் இதே ஸ்பிரிங், இதே எண்ணெய், இதே ஓட்டை. அவளுக்குப் பரிசோதனை மேஜை. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை கதவைத் திறந்து விட்டு, அது மூட எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, சரியாக இருந்தால் தன் முத்திரையைக் குத்துவாள். ஒரு நாள் அவள் விடுப்பில் இருந்தபோது, எண்ணெய் கசிகிற நாற்பது பெட்டிகளில் அவள் முத்திரையை எடுத்து சூப்பர்வைசரே குத்தி அனுப்பிவிட்டான். மறுநாள் வந்தவளுக்கு விஷயம் தெரிந்தது. மைப்பெட்டியை எடுத்து அவன் சட்டைப் பையில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலை அத்தோடு போயிற்று.

கட்டிக்கொண்டது ஒரு மெக்கானிக்கை. கல்யாணமான மூன்றாம் மாதம், எண்ணெய் ஒழுகும் ஃபோர்க் ஒன்றோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"தள்ளுங்க. இது கதவு மூடுற டப்பாதானே. இதுக்குப் போய் இந்தப் பாடு படுறீங்க?"

"கதவும் இதுவும் ஒண்ணாடி?"

"கதவாவது பரவாயில்லை, சும்மா நிக்கும். நீங்க தள்ளுங்க."

அன்றைக்குப் பிரிந்தது பட்டறை. முன்னறை அவனுக்கு: இன்ஜின், பிரேக், செயின். பின்னறை அவளுக்கு: ஒரு இரும்பு மேஜை, குழாயில் கீறல் விழாமல் பிடிக்கும் பட்டறைப்பிடி, அளவுக் குவளைகள், எண்ணெய் உறிஞ்சும் ஊசி, மாடிப்படிக்குக் கீழே துணி மூட்டைகள். பத்து வருஷமாக வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோகிறவர்களின் வண்டிகளுக்கு எண்ணெய் ஒழுகாமல் பிடிக்கிற சீல் என்ற ரப்பர் வளையத்தை மாற்றியே அவள் விரல் நகமெல்லாம் கறுத்துப்போயிற்று. 'மெக்கானிக் பொண்டாட்டி கொஞ்சம் உதவி செய்யுது' என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். 

அவள் பேரைத் தூக்கி நிறுத்தியது புருஷனுடைய ரேஸ் வண்டிதான். அதில் பொய் இல்லை.

அவன் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயக்காரன். ஊருக்கு வெளியே இருந்த ஓடுபாதையில் வருஷத்துக்கு ஆறு பந்தயம். அங்கே அவனுக்குப் பேர் 'லேட்டு'. புதிதாக வருகிறவர்கள் இவன் நேரம் கழித்து வருகிற ஆசாமி போலிருக்கிறது என்று நினைப்பார்கள். விஷயம் அதுவல்ல. நீண்ட நேர்பாதை முடிந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வலது பக்கம் ஒரு வளைவு வரும். அதற்கு முன்னால், வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்று எழுதிய பலகைகள் உண்டு: இருநூறு, நூற்றைம்பது, நூறு. மனுஷனாகப் பிறந்தவன் நூற்றைம்பதில் பிரேக் பிடிப்பான். இவன் நூறில் பிடிப்பான்.

வண்டியோடு வந்த ஃபோர்க் அதற்குத் தாங்கவில்லை. பிரேக் பிடித்ததும் மூக்குத் தரையில் இடிக்கிற மாதிரி குனியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் அதைக் கழற்றி, உள்ளே இருந்த ஓட்டைக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, காகிதம் கணக்காக மெல்லிய தகடுகள் அடுக்கிய வால்வு வைத்தாள். ஸ்பிரிங்கை மாற்றினாள். ஸ்பிரிங்குக்கு எண் உண்டு. எண் ஏற ஏற விறைப்பு. ஓட்டுகிறவனைத் தோலுடுப்பு, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்காரவைத்து, எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து முடிவு செய்ய வேண்டும். அவனுக்கு ஒன்பதரை. அளந்து அளந்து ஒரு மாதம் ஆயிற்று. அந்த வருஷம் அவன் மூன்று பந்தயம் ஜெயித்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திவிட்டு வார இறுதியில் ரேஸ் ஓட்டுகிற வாத்தியார் ஒருத்தர், முதல் ஆளாகத் தன் ஃபோர்க்கை அவளிடம் கொண்டு வந்து கொடுத்தார். பிறகு இன்னும் நாலு பேர். சீல் மாற்றுகிற மேஜையில் ரேஸ் ஃபோர்க்குகள் வரிசையாக நின்றதைப் பார்த்து அவள் ஒரு முழு நாள் யாரையும் திட்டவில்லை. மாமியார் மாடியிலிருந்து இறங்கி வந்து, "உடம்பு சரியில்லையா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் தொட்டி வளைவில் அவன் விழுந்தான். பெரிய அடி இல்லை. கட்டைவிரல் சுளுக்கு, தோளில் சிராய்ப்பு. சிரித்துக்கொண்டேதான் எழுந்து வந்தான். அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

"முன்பக்கம் பேச மாட்டேங்குதுடி."

பேசுவது என்றால், முன்டயர் தரையை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பது கைப்பிடி வழியாகக் கைக்குத் தெரிவது. தெரியாவிட்டால் ஓட்டுகிறவன் குருடன். அவள் ஃபோர்க்கைப் பிரித்தாள். எண்ணெய், சீல், தகடுகள் எல்லாம் பழுதில்லை. பூட்டினாள். அடுத்த ஞாயிறு பயிற்சியிலும் அதே பாட்டு. மறுபடி பிரித்தாள். மூன்றாம் தடவை பிரித்தபோது பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் கதவுக்குப் போயிற்று.

அப்புறம்தான் கேபிள் டையைக் கவனித்தாள். ஒயர்களைக் கட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் வாரில் ஒன்றை ஃபோர்க் குழாயில் கட்டி வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஃபோர்க் அமுங்கும்போது டையைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். எழும்போது டை அங்கேயே நின்றுவிடும். அடியில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று பார்த்தால், ஓட்டினவன் எவ்வளவு பலமாகப் பிரேக் பிடித்தான் என்பது தெரிந்துவிடும். வாய் பொய் சொல்லும், டை சொல்லாது. போன வருஷமெல்லாம் பன்னிரண்டு மில்லிமீட்டர் மிச்சம். இப்போது முப்பத்தைந்து.

ஃபோர்க்கில் ஒன்றுமில்லை. அவன் பிரேக்கைப் பிடிக்கவே இல்லை. சரியாகப் பிடித்தால்தான் பாரம் முன்னால் வரும், பாரம் வந்தால்தான் டயர் தரையில் அமுங்கும், அமுங்கினால்தான் பேசும். அடுத்த பந்தயத்தில் அவள் வேலியோரம் நின்று பார்த்தாள். தொட்டி வளைவில் லேட்டு நூற்றைம்பதுக்கு முன்னாலேயே பிடித்தான். அந்த உண்மை தெரிந்தபோது அவளுக்கு வந்தது பரிதாபம் அல்ல, கோபம். பயந்தால் பயந்தேன் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? என் ஃபோர்க் மேல் ஏன் பழியைப் போடுகிறாய்?

ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் எவனுக்கும் பயப்படாதவள், கட்டினவனிடம் 'நீ பயப்படுறே' என்று சொல்லப் பயந்தாள். சொல்லிவிட்டால் அந்த மனுஷன் ஒரேயடியாக வண்டியை மூலையில் சாத்திவிடுவான். சாத்திவிட்டால் அவள் ஃபோர்க்கை ஓடுபாதையில் யார் காட்டுவது? இந்த இரண்டாவது கேள்வியும் அவள் மனசில் இருந்தது. அதை அவள் தனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த பந்தயத்தில் அவன் ஏழாவதாக வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் பத்துப் பேர் காது கேட்கச் சொன்னான்:

"என்னத்தச் சொல்ல? இவ போட்ட ஃபோர்க்ல உயிரே இல்லை."

உதிரிபாகக் கடைக்காரர் ஒருத்தர் எல்லாப் பந்தயத்துக்கும் வருவார். அக்குளில் எப்போதும் ஒரு தடிப் புத்தகம் இருக்கும். அதனால் அவருக்குப் பேர் 'கேட்டலாக்'. மனுஷன் இதற்காகவே காத்திருந்த மாதிரி பக்கத்தைப் பிரித்தார்.

"நான் அப்பவே சொன்னேன் தம்பி. வீட்டுல செய்யற வேலை வீட்டு வேலைதான். முழு ஃபோர்க்கும் ரெடிமேடா வருது. பொன் கலரு. கழட்டு, மாட்டு, ஓட்டு."

அவள் கையில் டயர் காற்று பார்க்கும் மானி இருந்தது. அது பறக்காமல் இருந்தது கேட்டலாக்கின் பூர்வ புண்ணியம்.

"என்ன சொன்னீங்க? வீட்டு வேலையா? உங்க கடையில போன மாசம் வித்த ஃபோர்க்குக்கு நான்தானே சீல் மாத்தினேன்? ஒரு மாசம் தாங்கலையே, அது எந்த வீட்டு வேலை?"

"ஏம்மா, கோவப்படாம..."

"கோவப்படாம என்ன, கும்பிடு போடவா?"

லேட்டு குறுக்கே வந்தான். "விடுடி. அடுத்த பந்தயத்துக்கு அதையே போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்."

கூட நின்ற வாத்தியார் தரையைப் பார்த்தார். மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவளுக்கு அர்த்தம் புரியாமல் இல்லை. புருஷனே கழற்றி எறிந்த ஃபோர்க்கை வேறு எவன் வைத்திருப்பான்? அடுத்த வாரம் பின்னறை மேஜை காலியாகும். மறுபடியும் ஒழுகுகிற சீல், மறுபடியும் 'மெக்கானிக் பொண்டாட்டி'. நாலு வருஷ உழைப்பு ஒரு நொண்டிச் சாக்கில் மண்ணாகப் போகப் போகிறது. சொல்லுங்கள், கோபம் வருமா வராதா?

"ஒரே ஒரு பந்தயம்," என்றாள். "உள்ளே எல்லாத்தையும் புதுசா மாத்தித் தரேன். அதுலயும் பேசலைன்னா நானே கழட்டிக் குப்பையில போடறேன். நீங்க பொன் கலரு மாட்டிக்குங்க, பவுன் கலரு மாட்டிக்குங்க, எக்கேடோ கெட்டுப் போங்க."

அவள் செய்தது என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஒன்பதரை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு எட்டரை போட்டாள். பயந்து பயந்து பிரேக் பிடிக்கிறவனுக்கு அதுதான் சரியான ஸ்பிரிங். அதுவரை தப்பில்லை, யாரும் செய்கிற வேலைதான். ஆனால் ஸ்பிரிங்கை இளக்கினால் எண்ணெயை ஏற்ற வேண்டும். எண்ணெய்க்கு மேலே குழாயில் அடைபட்டிருக்கிற காற்றுதான் கடைசி நேரத்தில் ஃபோர்க் அடியில் போய் இடிக்காமல் தாங்கும். எண்ணெய் ஏறினால் காற்றுக்கு இடம் குறையும், தாங்கலும் பலக்கும். இது அவளுக்குத் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் எண்ணெயை ஏற்றவில்லை. இன்னும் இறக்கினாள். ஏன்? அப்போதுதான் டை பன்னிரண்டுக்குப் போகும். பன்னிரண்டைப் பார்த்தால் அவன் மனசு சமாதானமாகும், ஃபோர்க் வண்டியிலேயே இருக்கும். நாற்பது பெட்டிக்காக வேலையை உதறினவள், தன் கையாலேயே ஒரு பொய்யான அளவைச் செய்து பூட்டினாள். உள்ளே என்ன எண் ஸ்பிரிங் என்று அவனிடம் சொல்லவில்லை. "புது வால்வு, புது ஸ்பிரிங், எல்லாம் புதுசு. ஓட்டிப் பாருங்க," என்றாள்.

பந்தய நாள் காலை, முதல் ஓட்டம் முடிந்து வந்தவன் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, கத்தினான்.

"பேசுதுடி! வாய் ஓயாமப் பேசுது, உன்னை மாதிரி!"

அவள் குனிந்து டையைப் பார்த்தாள். பதினான்கு. நினைத்ததுக்கு ரொம்பப் பக்கம். அவன் முகத்தில் எட்டு மாதமாகக் காணாத சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு வந்தது. பொய்யோ மெய்யோ, நல்லதுதானே நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் ஓட்டம், பந்தயம் தொடங்கும்போது யார் முன்னால் நிற்பது என்று இடம் பிடிக்கிற ஓட்டம். நேரத்தில் ஒன்றே முக்கால் விநாடி குறைந்து மூன்றாவது இடம் பிடித்தான். கொட்டகையில் கை தட்டினார்கள். அவள் குனிந்து பார்த்தாள். டைக்குக் கீழே ஏழு மில்லிமீட்டர்தான் மிச்சம்.

சுருக்கென்றது. ஏழு என்றால், பயந்தவன் பிடிக்கிற பிரேக் இல்லை அது. மனுஷனுக்குத் தைரியம் திரும்பிவருகிறது. பந்தயத்தில் இன்னும் வரும். பயந்தவனுக்குக் கட்டின ஃபோர்க் பழைய லேட்டைத் தாங்காது. பந்தயத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. மேல் மூடி இரண்டையும் திறந்து, ஊசியால் இரண்டு பக்கமும் எண்ணெய் ஏற்றிப் பூட்ட இருபது நிமிஷம் போதும். அவள் குவளையில் எண்ணெய் அளந்து எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனாள்.

வண்டியைச் சுற்றிக் கூட்டம். லேட்டு அவள் தோளில் கை போட்டான். எல்லார் முன்னாலும் அவன் அப்படிச் செய்ததே இல்லை.

"கேட்டுக்குங்கப்பா. நான்தான் வாய்க் கொழுப்புல உளறிட்டேன். இவ கைக்கு முன்னாடி அந்தக் கேட்டலாக் எல்லாம் பழைய பேப்பர்."

வாத்தியார், "என்னோடதையும் இதே மாதிரி பண்ணிக் குடுத்துடும்மா, இதே ஸ்பிரிங், இதே எண்ணெய்," என்றார். கேட்டலாக் புத்தகத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"அது என்ன கையில, எண்ணெயா?" என்று கேட்டான் லேட்டு. "எதுக்கு? இப்போ இருக்கறதை ஒண்ணும் தொடாதே. அற்புதமா இருக்கு."

எதுக்கு என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால், தோளில் அவன் கை இருக்கும்போது. அவள் குவளையை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் வைத்தாள். ஏழு மில்லிமீட்டர் இருக்கிறதே, போதும் என்று மனசுக்குள் பூசி மெழுகிக்கொண்டாள்.

நாலாவது சுற்றில் அவன் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். அவள் வேலியோரம் நின்றாள். நேர்பாதையில் முன்னால் போனவன் நூற்றைம்பதில் பிரேக் பிடித்தான். லேட்டு பிடிக்கவில்லை. அவனைத் தாண்டி முன்னால் வந்தான். நூறு பலகையில்தான் பிடித்தான். ஃபோர்க் முழுசாக அமுங்கி, அடியில் போய் இடித்தது. அந்தச் சத்தம் இன்ஜின் இரைச்சலுக்குள்ளும் தனக்குக் கேட்டது என்று அவள் இன்றைக்கும் சாதிப்பாள். அமுங்க இடமில்லாத ஃபோர்க் வெறும் இரும்புத் தடிதான். தார் ரோட்டில் இருந்த சின்ன மேட்டில் முன்சக்கரம் பிடி விட்டது. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

காரையெலும்பு உடைந்தது. அது கூடிவிடும். வலது மணிக்கட்டு மூன்று இடத்தில் நொறுங்கிப்போயிருந்தது. முன்பிரேக் பிடிக்கிற கை. தகடு வைத்துத் திருகியிருக்கிறோம், விரல் மடங்கும், பழைய பிடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் முற்பகல், நாலு கட்டில் போட்ட ஆஸ்பத்திரி அறையில், பார்க்க வந்த பந்தயக்காரர்கள் சுற்றி நிற்க, லேட்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கைக்குக் கட்டு, தோளுக்குக் கட்டு, வாய்க்கு மட்டும் கட்டு இல்லை.

"நூறு பலகைடா! பாத்தியா? நூறு! கொஞ்சம் கூடப் போயிட்டேன், அவ்வளவுதான். என் தப்பு. ஃபோர்க் பிரமாதம்."

வாத்தியார், "எங்களுக்கே மயிர் கூச்செறிஞ்சுது," என்றார். பின்னால் கேட்டலாக் நின்றிருந்தார். அவரும் வந்திருந்தார், பாருங்கள். அவளுக்கென்று தனியாக ஒரு கும்பிடு போட்டார்.

"அம்மா, பழசை மனசுல வச்சுக்காதீங்க. ஓட்டினவன் கணக்கு தப்பிடுச்சு, அது வேற விஷயம். அந்த ஃபோர்க் இருக்கே, ஊரே பேசுது. ஏழெட்டுப் பேர் கேட்டுட்டாங்க. என் கடையில உங்க பேர்ல ஒரு பலகையே வச்சிடலாமா?"

நாலு வருஷமாக அவள் எதை வேண்டினாளோ அது தட்டில் வைத்து வந்து நின்றது. தலையை ஆட்டினால் போதும். கட்டிலில் கிடந்தவனே சாட்சி சொல்லிவிட்டான். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை எறிவதற்கு எதிரே கதவு இல்லை.

"அவர் கணக்கு தப்பலை," என்றாள். "என் கணக்குதான். எட்டரை ஸ்பிரிங் போட்டேன். எண்ணெயையும் குறைச்சேன். வேணும்னே."

 வாத்தியாருக்குத்தான் முதலில் உறைத்தது. "எட்டரையா? இவருக்கா? எண்ணெய் வேற குறைச்சா... ஏம்மா, அடியில போய் இடிக்குமே?"

"இடிச்சுது. அதான் விழுந்தார். பந்தயத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். எண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன், ஊத்தலை. நீங்க யாரும் என்கிட்ட ஃபோர்க் குடுக்காதீங்க. குடுத்ததை வந்து எடுத்துட்டுப் போங்க. போதுமா? பலகையை உங்க கடை வாசல்லயே வச்சுக்குங்க."

கேட்டலாக் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். மூலையில் நாற்காலியில் இருந்த மாமியார், "இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மற்ற மூன்று கட்டில்காரர்களும் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

லேட்டு அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"எதுக்கு எட்டரை?"

"முப்பத்தஞ்சு மில்லி மிச்சம் இருந்துது. நீங்க பிரேக்கே பிடிக்கலை."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"தொட்டிகிட்ட விழுந்தீங்களே, அதுக்கு அடுத்த பந்தயத்துலேர்ந்து."

"ஆறு மாசம். ஆறு மாசமா நான் பயந்து சாகறேன்னு தெரிஞ்சுக்கிட்டே, ஒரே வீட்டுல சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்கே."

"நீங்க சொன்னீங்களா?" அவள் குரல் ஏறிவிட்டது. "பயம்னு ஒரு வார்த்தை வந்துதா வாயில? ஊரைக் கூட்டி என் ஃபோர்க்குக்கு உயிர் இல்லைன்னு சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை!"

"தெரியலைதான். வெக்கமா இருந்துது," என்றான் அவன். கத்தவில்லை. அவன் கத்தாதது அவளுக்குத் தாங்கவில்லை. "எண்ணெயை ஏன் ஊத்தலை?"

"எல்லாரும் பாராட்டிக்கிட்டு இருந்தாங்க," என்றாள். "நீங்க தோள்ல கை போட்டீங்க. ஆசையா இருந்துது."

அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மடக்கப் பார்த்தான். பாதிதான் மடங்கின.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. பழைய ஒன்பதரையே இருந்திருந்தா, நேத்து வளைவுல திரும்பியிருப்பேனா?"

பொய் சொல்லலாம். சொன்னால் அவனுக்கும் கொஞ்சம் ஆறும், அவளுக்கும் ஆறும்.

"திரும்பியிருப்பீங்க. போன வருஷம் அதே நூறுலதானே பிடிச்சுத் திரும்பினீங்க."

"சரி," என்றான். அப்புறம் அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நான் தேறிட்டேன். நேத்துக் காலையில தேறினேன், நீயும் பாத்தே. உனக்குத்தான் அப்பவும் நான் பயந்தவன்."

  ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்த அவனுடைய தோலுடுப்பு ஒரு பையில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் போகச் சொல்லும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.